"சில" என்றால் எத்தனை?

வேலைக்குத் தேர்வு எழுதப் போகும் மகள், புத்தகத்துடன் தந்தையிடம் வந்தாள்.

"அப்பா, இந்த விடை தப்பு! நீங்களே பாருங்கள்."

கேள்வி இதுதான்:

"கூடையில் உள்ள எல்லா மாம்பழங்களும் இனிப்பானவை. ஆகவே, அவற்றில் சில இனிப்பானவை. இந்த முடிவு சரியா, தவறா?"

"தவறு" என்று மகள் எழுதி இருந்தாள். "சரி" என்றது புத்தகம்.

"சில பழம் இனிப்பு என்றால், மற்றது புளிப்பு என்றுதானே அர்த்தம்?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்விதான். ஆனால், புத்தகம் சொல்வதும் சரியே!

பேச்சு வேறு, தேர்வு வேறு

"கல்யாணத்துக்குச் சிலர் வந்தார்கள்" என்று ஒருவர் சொல்கிறார். எல்லோரும் வரவில்லை என்று நாம் புரிந்துகொள்கிறோம். அவர் அப்படிச் சொல்லவில்லை. நாமாக ஊகிக்கிறோம். சொன்னது வேறு, ஊகிப்பது வேறு என்பதைத் தத்துவ அறிஞர் பால் கிரைஸ் 1967-ம் ஆண்டு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகச் சொற்பொழிவுகளில் விளக்கினார்.

தேர்வில் "சில" என்றால், "ஒன்றாவது உண்டு" என்று பொருள். மற்றவை பற்றி அது வாய் திறக்காது. பத்துப் பழமும் இனித்தால், அதில் நான்கு பழம் இனிக்கத்தானே வேண்டும்?

இரண்டில் ஒன்று!

இன்னொரு கேள்வி: "சில பேனாக்கள் சிவப்பு."

முடிவு 1: எல்லாப் பேனாக்களும் சிவப்பு.

முடிவு 2: சில பேனாக்கள் சிவப்பு அல்ல.

இரண்டையும் தனித்தனியே உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால், "இரண்டில் ஒன்று சரி" என்பதே விடை! இது எப்படி?

வட்டம் போட்டுப் பாருங்கள். பேனாக்களுக்கு ஒரு வட்டம். சிவப்புப் பொருள்களுக்கு ஒரு வட்டம். பேனா வட்டம் முழுவதும் சிவப்புக்குள் அடங்கினால் முதல் முடிவு சரி. கொஞ்சம் வெளியே நீட்டினாலும் இரண்டாவது சரி. மூன்றாவது வழி கிடையாது. எது என்றுதான் நமக்குத் தெரியாது.

இப்படி வட்டம் போட்டு, 1761-ம் ஆண்டு ஒரு ஜெர்மன் இளவரசிக்குக் கடிதத்தில் பாடம் சொன்னார், சுவிட்சர்லாந்துக் கணித மேதை ஆய்லர்!

வங்கி வேலைத் தேர்வில் தவறான விடைக்குக் கால் பங்கு மதிப்பெண் குறைக்கிறார்கள். ஆகவே, ஊகிக்காதீர்கள். எழுதி இருப்பதை மட்டும் நம்புங்கள்.

மகளுக்குப் புரிந்துவிட்டது.

"சிலருக்கு வேலை கிடைக்கும் என்றால், ஒருவருக்காவது நிச்சயம். அப்படித்தானே அப்பா?"

"அந்த ஒருவர் நீயாக இரு அம்மா!" என்றார் தந்தை.