யந்திரம் சொல்லும் சாட்சி

விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சியில், கடைசி பஸ்ஸைத் தவற விட்டுவிட்டுக் கடைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு கூலித் தொழிலாளியை நினைத்துக்கொள்வோம். ரோந்து வரும் போலீஸ்காரர் அவனை எழுப்பி நிறுத்தித் தமது செல்போனில் முகத்தைப் படம் பிடிக்கிறார். எங்கோ இருக்கும் ஒரு கணிப்பொறி பழைய கேடி ஒருவனின் படத்தை எடுத்துக் காட்டி, "இவனைப் போல் இருக்கிறது" என்கிறது. அதன் பின் அந்தத் தொழிலாளியின் கதி என்ன?

இது வீண் கற்பனையன்று. சந்தேகப்பட்டவர் முகத்தைப் படம் பிடித்து, போலீஸ் பதிவேடுகளிலுள்ள முகங்களோடு ஒப்பிடும் முறையைத் தமிழ்நாட்டு ஸர்க்கார் 2021 அக்டோபரில் தொடங்கி வைத்தனர். காணாமற்போனோரைக் கண்டுபிடிக்கவும், அடையாளம் தெரியாத பிரேதங்களுக்குரியவரை அறியவும் இது உதவும் என்பதை நாம் மறுக்கவில்லை. திருடனைப் பிடிக்கப் போலீஸாருக்கு நல்ல கருவி வேண்டாமென்று சொல்லவும் நாம் வரவில்லை. கருவியின் தன்மையை அறியாமல் அதற்கு நீதிபதியின் ஆசனத்தைக் கொடுத்துவிடக் கூடாதென்பதே நமது வாதம்.

இந்த யந்திரம் செய்வதென்ன? கண், மூக்கு, தாடை முதலிய அங்கங்களின் அமைப்பை எண்களாக மாற்றி, முன்பே சேர்த்து வைத்திருக்கும் எண்களோடு ஒப்பிடுகிறது. "இவனே அவன்" என்று அது ஒருபோதும் சொல்வதில்லை. "இத்தனை சதவிகிதம் ஒத்திருக்கிறது" என்று மட்டுமே சொல்கிறது. எத்தனை சதவிகிதம் போதும் என்று தீர்மானிப்பவர் மனிதரே. டில்லிப் போலீஸார் 80 சதவிகித ஒற்றுமை இருந்தால் ஆள் அகப்பட்டதாகக் கொள்வதாக, 2022-இல் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்ட கேள்விக்குப் பதிலளித்தார்கள். அந்த எண்பதை எந்தச் சட்டசபை வகுத்தது? விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகளைக் கூட நூற்றுக்கு எண்பதென்ன, தொண்ணூற்றொன்பது ஒத்திருக்கின்றன என்று சொல்லலாம். அதனால் ஒரு பொம்மை மற்றொன்றாகிவிடுமா?

யந்திரத்துக்கு நிறபேதமும் உண்டு. அமெரிக்க ஸர்க்காரின் தர நிர்ணய ஸ்தாபனம் 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அங்கு சோதித்த முறைகளில் பல, ஆசிய, ஆப்பிரிக்க முகங்களில் வேறொருவரை அவரென்று மயங்கும் தவறை வெள்ளையர் முகங்களை விட 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாகச் செய்ததாகக் கண்டது. இதன் பலனை 2020 ஜனவரியில் டெட்ராயிட் நகரத்தை அடுத்து வசித்த கறுப்பரான ராபர்ட் வில்லியம்ஸ் அனுபவித்தார். யாரோ கடையில் கடிகாரம் திருடியதற்காக, மனைவி மக்கள் கண்ணெதிரே விலங்கிடப்பட்டு, சுமார் 30 மணி நேரம் காவலில் கிடந்தார். யந்திரத்தின் சொல்லை மட்டும் நம்பி எவரையும் கைது செய்வதில்லை என்று அந்நகரப் போலீஸார் ஒப்புக்கொண்டது 2024-இல்தான்.

டெட்ராயிட் தூரத்திலிருக்கிறது, முதனை நமக்கு அருகில் இருக்கிறது. விருத்தாசலம் பக்கத்து அந்தக் கிராமத்தில், 1993-இல், குறவர் சமூகத்து ராஜாக்கண்ணுவை நகைத் திருட்டுச் சந்தேகத்தின் பேரில் கம்மாபுரம் போலீஸார் பிடித்துச் சென்றனர். அவர் காவலில் மாண்டார், தப்பியோடிவிட்டதாகச் சொல்லப்பட்டது. மனைவி சென்னை உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். குற்றம் புரிந்த போலீஸாருக்குத் தண்டனை உறுதியாக 2006 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அன்று யந்திரம் இல்லை. சந்தேகம் மட்டுமே இருந்தது. அந்தச் சந்தேகத்துக்கு இன்று ஒரு சதவிகிதக் கணக்கும் கிடைத்தால், அதை எதிர்த்து ஓர் ஏழை என்ன சொல்ல முடியும்?

பதிவேட்டிலுள்ள படங்கள் யாருடையவை என்பதையும் யோசிக்க வேண்டும். போலீஸாரிடம் அடிக்கடி அகப்படுவோரின் முகங்களே அதில் மிகுதியாயிருக்கும். பிறப்பையே குற்றமாக்கி, கைரேகை வாங்கி, ஊர்விட்டு ஊர் போக அனுமதி கேட்கச் செய்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1947-இல் சென்னை மாகாணம் ஒழித்தது. அந்நியன் எழுதிய அந்தப் பட்டியல் கணிப்பொறியின் உருவில் திரும்பி வர நாம் இடங்கொடுக்கலாமா? பட்டியல் பத்திரமாகவாவது இருக்கிறதா என்றால், 2024 மே மாதத்தில் தமிழ்நாட்டுப் போலீஸாரின் இந்த முக அடையாளத் தளத்திலேயே அந்நியர் புகுந்த செய்தி வெளிவந்தது!

அந்தரங்கம் பிரஜையின் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். அதில் ஸர்க்கார் தலையிடச் சட்டத்தின் ஆதாரம் வேண்டும். 2022-இல் பார்லிமெண்டு இயற்றிய அடையாளச் சட்டமோ, கைதானோரின் அளவுகளையும் படங்களையும் எடுக்கவும் 75 வருஷம் வைத்திருக்கவும் அதிகாரம் தருகிறது; யந்திரம் தவறினால் பரிகாரம் என்னவென்று சொல்லவில்லை.

ஆகவே சட்டசபை அங்கத்தினர்களை நாம் கேட்டுக்கொள்வது இது. யந்திரத்தின் பதில் துப்பு மட்டுமே, சாட்சியாகாது என்று சட்டத்தில் எழுதுங்கள். வேறு ஆதாரமின்றிக் கைது கூடாது. யந்திரம் காட்டிய படத்தைச் சாட்சிக்கு முதலில் காட்டிவிட்டுப் பிறகு அடையாள அணிவகுப்பு நடத்தக் கூடாது. யந்திரத்தைக் கொண்டு ஒருவரைப் பிடித்தால், எத்தனை சதவிகிதம் என்பதை மாஜிஸ்திரேட்டிடமும் அவரிடமும் சொல்ல வேண்டும். விடுதலையானவரின் படம், அவர் கேளாமலே அழிய வேண்டும்.

திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தொழிலாளிக்குத் தன் முகத்தைத் தவிர வேறு சொத்தில்லை. அதையும் அவனுக்கெதிரான சாட்சியாக்குமுன், சட்டம் அவன் பக்கத்தில் வந்து நிற்கட்டும்.