அரங்கம் எழுந்தது; ஆடப்போவது யார்?

நெடுங்காட்டிலிருந்து சென்னைக்குச் செல்லும் தோழர்கள் பலர். வைத்தியத்துக்குப் போவோர் உண்டு, வழக்குக்குப் போவோர் உண்டு, வயிற்றுப் பிழைப்புக்குப் போவோரும் உண்டு. எதற்காகப் போனாலும் சரி, சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே, ரிப்பன் மாளிகையை ஒட்டி நிற்கும் சிவப்புக் கட்டிடத்தைச் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு வாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். விக்டோரியா பொது மண்டபம் என்பது அதன் பெயர். பல்லாண்டு பூட்டிக் கிடந்து, பாழடைந்து, இன்று புத்துயிர் பெற்று நிற்கிறது. சென்னை மாநகராட்சி 2023-ல் தொடங்கிய சீரமைப்பு வேலை அது. திட்டச் செலவு ஏறத்தாழ 32 கோடி ரூபாய்.

ராணியின் பெயர் அதற்கு எப்படி வந்தது? 1887-ல் விக்டோரியா அரியணை ஏறிய 50-ஆம் ஆண்டு விழாவை வெள்ளையர் அரசு கொண்டாடிற்று. அதன் நினைவாகச் சூட்டிய பெயர். அடிக்கல் நாட்டியவர் விஜயநகர மகாராஜா. பணம் தந்தவர்கள் சமஸ்தானாதிபதிகளும் ஜமீன்தார்களும். படம் வரைந்தவர் ராபர்ட் சிஷோம். கட்டி முடித்தவர் நம்பெருமாள் செட்டியார். இத்தனை பெயரையும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது. செங்கல் சுமந்தவன் பெயர் எங்கே? சுண்ணாம்பு அரைத்தவள் பெயர் எங்கே? அந்தப் பட்டியலை எவரும் எழுதி வைக்கவில்லை! ஆனால் நிலம் மக்களுடையது. 99 ஆண்டுக் குத்தகைக்கு 1886-ல் தரப்பட்டது. அதை மறந்துவிடக் கூடாது.

கீழே ஒரு கூடம், மேலே ஒரு கூடம், ஒவ்வொன்றிலும் 600 பேர் அளவுக்கு இடம். மேல்தளத்தில் மரத்தாலான மாடம் வேறு. 1897-ல் விவேகானந்தர் இங்கே பேசினார். பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் தோற்றுவித்த சுகுண விலாச சபை இங்கேதான் ஆண்டுக்கணக்கில் நாடகம் நடத்திற்று. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் அரிதாரம் பூசி மேடை ஏறினார்கள். அசையும் படம் என்னும் அதிசயத்தைச் சென்னை மக்கள் 1890-களின் பிற்பாதியில் கண்டதும் இந்த மண்டபத்திலேதான்.

கண்டவர் யார்? காசு உள்ளவர், கல்வி கற்றவர், கனவான்கள். கனவான் நடித்தால் 'கலைஞர்' என்றது அன்றைய சமூகம். ஏழை நடித்தால் 'கூத்தாடி' என்றது! அந்த ஏழைப் பிள்ளைகளைக் கொண்டே நாடகக் குழு அமைத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1918-ல் மதுரையில் அவர் தொடங்கிய சபையிலேதான் டி.கே.எஸ். சகோதரர்கள் வளர்ந்தார்கள். 1922-ல் அவர் கண்மூடியது புதுச்சேரியில்; நம் காரைக்காலில் பறந்த அதே பிரெஞ்சுக் கொடியின் கீழ்.

சினிமாவை நாட்டுப்புறத்துக்குத் தூக்கி வந்தவரும் மாளிகைக்காரர் அல்லர். திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை வாங்கினார். கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்டினார். 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் எழுப்பினார். அந்தத் தெரு இன்றும் அவருடைய கொட்டகையின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அவர் போட்ட வழியிலே வந்தவைதான் நம் டெல்டாவின் டூரிங் கொட்டகைகள். அறுவடை முடித்த கையோடு மணலைக் குவித்து உட்கார்ந்து, தரை டிக்கெட்டில் படம் பார்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது.

காரைக்கால் 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த பூமி. ஆகவே பிரான்சு தேசத்துச் செய்தி ஒன்றையும் சொல்வோம். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர்கள் காசு வாங்கிப் படம் காட்டினார்கள். முதல் படத்தில் வந்தவர் யார்? ராஜாவா? ராணியா? இல்லை! வேலை முடிந்து ஆலை வாசலில் வெளியே வரும் தொழிலாளர்கள்! திரையின் முதல் கதாநாயகன் தொழிலாளி என்பதை எந்த அரங்கமும் மறக்கலாகாது. அந்நாட்டின் கப்பல் கட்டும் ஊரான லா சியோத்தாவில் 1889-ல் எழுந்த ஈடன் கொட்டகை, லூமியேர் படங்கள் ஓடிய இடம். மூடிக் கிடந்த அதைச் செப்பனிட்டு 2013-ல் மீண்டும் திறந்தார்கள். பம்பாயிலும் அப்படியே. 1911-ல் திறந்த ராயல் ஆபரா ஹவுஸ் 1993-ல் மூடி, 23 ஆண்டுக்குப் பின் 2016-ல் மறுபடி விளக்கேற்றிற்று.

"வாய்க்கால் தூர் வாரப் பணம் இல்லை, பழைய கட்டிடத்துக்குக் கோடிகளா?" என்று கடைமடை விவசாயி கேட்கலாம். நியாயமான கேள்வி. நாம் சொல்லும் பதில் இது: வாய்க்காலும் வேண்டும், அரங்கமும் வேண்டும். பழைய சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் செங்கல் உதிரும். சுண்ணாம்புக் காரை பூசினால் ஈரம் வெளியேறிச் சுவர் பிழைக்கும். அந்தக் கைத்தொழில் தெரிந்த கொத்தனார் குறைந்து வருகிறார். ஒரு மண்டபம் பிழைத்தால் அந்தத் தொழிலும் பிழைக்கும். ஆனால் ஒரு நிபந்தனை. மக்கள் பணத்தில் எழுந்த மேடை மக்களுக்கு எட்டவேண்டும். வாடகை வானத்தில் இருந்தால், தெருக்கூத்துக்காரனும் பறை அடிப்பவனும் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பதா? மாதத்தில் சில நாள் கிராமக் குழுக்களுக்கு என்று ஒதுக்குக! கூலிக்காரன் கொடுக்கக்கூடிய கட்டணம் வைக்கட்டும்!

மேடைக்குச் சுவர் மட்டும் போதாது, சுதந்திரமும் வேண்டும். 1876-ல் வெள்ளையன் நாடகத்துக்கு விலங்கு பூட்டினான். எம்.ஆர். ராதாவின் நாடகங்கள் அனல் கக்கிய காலத்தில், 1954-ல், சுதந்திர நாட்டிலேயே சென்னை மாகாணம் இன்னொரு விலங்கு செய்தது. அதை உயர்நீதிமன்றம் உடைத்தது 2013-ல்! வெள்ளையன் சட்டம் ஏட்டை விட்டுப் போனது 2018-ல்! கட்டிடம் பாழானால் 32 கோடியில் சீர் செய்யலாம். பேச்சுரிமை பாழானால் எத்தனை கோடி கொட்டுவது?

தோழர்களே, நெடுங்காடு கொம்யூனில் கூத்தும் நாடகமும் தெரிந்த முதியவர்களைத் தேடிப் போங்கள். அவர்களுக்குத் தெரிந்த ஆட்டத்தையும் பாட்டையும் இளைஞர்களிடம் சேர்த்து வையுங்கள். ஒரு குழு சேருங்கள். பிறகு அந்தச் சிவப்பு மண்டபத்தின் அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதுங்கள்: "எங்களுக்கு ஒரு மாலை தருக!" என்று. கேட்பது சலுகை அல்ல, உரிமை.