கையெழுத்துக்கென்று ஒரு பழைய கம்ப்யூட்டர்

கோவை கணபதியின் பவுண்டரிக் காரியாலயங்களிலும், திருப்பூரின் பனியன் கம்பெனிகளிலும், இவற்றின் கணக்குகளைப் பார்க்கும் ஆடிட்டர் அலுவலகங்கள் சிலவற்றிலும், மேஜைதோறும் புதிய யந்திரங்கள் வந்துவிட்ட பின்னரும், விண்டோஸ் ஏழோடு நின்றுபோன கம்ப்யூட்டர் ஒன்று மூலையில் தனிச் சலுகையோடு வீற்றிருப்பதைக் காணலாம். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் அதன் அருகே சென்றால், "அதைத் தொட்றாதீங்க தம்பி, அப்டேட் போட்டா டோக்கன் எடுக்காதுங்க" என்று எங்கிருந்தோ ஒரு குரல் எழும்.

இதற்குச் சொந்தக்காரரின் சோம்பலை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமன்று. வருமான வரிக் கணக்கிலும் மின்வழி டெண்டரிலும் டிஜிட்டல் கையெழுத்து இடுவதற்கு, பிரவுசருக்குள் ஒட்டிக்கொண்டு இயங்கும் ஜாவா பிளக்-இன் ஒரு காலத்தில் இன்றியமையாததாக இருந்தது; அது முரண்டு பிடித்தபோதெல்லாம், பாதுகாப்பு அளவைக் குறைத்துக்கொள்ளுமாறும் தங்கள் தளத்தை விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுமாறும் உபதேசித்தவை சர்க்கார் தளங்களின் வழிகாட்டிக் குறிப்புகளே. 2013 ஜனவரியில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை பிரவுசரில் ஜாவாவை அணைத்துவிடும்படி தன் மக்களை எச்சரித்தது. 2015 செப்டம்பரில் குரோமும், 2017 மார்ச்சில் ஃபயர்பாக்ஸும் அதைக் கைவிட்டன. மற்றொரு பிளக்-இன்னாகிய ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31 அன்றும், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூன் 15 அன்றும் விடைபெற்றன. நம்மவர்களோ, புதிய பிரவுசர் ஜாவாவை மறுக்கிறதென்று பழைய பிரவுசரையும், அதன் பொருட்டு, 2020 ஜனவரியோடு திருத்தங்கள் நின்றுபோன விண்டோஸ் ஏழையும் கட்டிக் காத்து வந்தனர்.

பிளக்-இன் என்பது, பிரவுசர் தனக்குள் வகுத்துக்கொண்ட காவலுக்கு வெளியே நின்று, கம்ப்யூட்டரின் சொந்தக்காரருக்குள்ள அதிகாரங்களையெல்லாம் தானும் பெற்று இயங்கிய சாதனம்; ஆகையால் அதில் ஓட்டை விழுந்துவிட்டால், எதையும் இறக்க வேண்டியதில்லை, எதையும் சொடுக்கவும் வேண்டியதில்லை, கெட்டுப்போன ஒரு பக்கத்தைத் திறந்ததே அபாயத்துக்குப் போதுமானதாயிற்று. 2012இல் ஃபிளாஷ்பேக் என்ற விஷ நிரல், வைரஸ் அண்டாது என்று பலரும் நம்பியிருந்த மாக் கம்ப்யூட்டர்களில் 6 லட்சத்துக்கு மேற்பட்டவற்றில் இவ்வாறே புகுந்தது. ஜாவாவின் அந்த ஓட்டைக்கு ஆரக்கிள் பிப்ரவரியிலேயே திருத்தம் வெளியிட்டிருக்க, ஆப்பிள் அதைத் தன் யந்திரங்களுக்கு ஏப்ரலில்தான் அளித்தது. புதிய ஜாவாவை நிறுவினால் பழையது தானே அகன்றுவிடும் என்ற நம்பிக்கையும் நெடுங்காலம் பொய்யாகவே இருந்தது. பழைய பதிப்புகள் பல உள்ளேயே தங்கிவிடுவதைச் சொல்லாமல் மறைத்ததற்காக 2015 டிசம்பரில் அமெரிக்க வர்த்தக ஆணையம் ஆரக்கிளின் மீதே நடவடிக்கை எடுத்தது.

ஆயினும் கொங்கு நாட்டுத் தொழில் முனைவோர் கவலைகொள்ள வேண்டிய விஷயம் ஜாவாவைக் காட்டிலும், டிஜிட்டல் கையெழுத்துக்காகக் கம்ப்யூட்டரில் சொருகும் டோக்கனே என்பது என் கருத்து. டோக்கனுக்குள் இருக்கும் ரகசியச் சாவியை நகலெடுத்துச் செல்ல இயலாது என்பது மெய்தான். ஆனால் டோக்கன் நாள் முழுதும் சொருகியே இருக்க, தட்டப்படும் பின் எண்ணை விஷ நிரல் கவனித்துக்கொண்டே இருக்க, சாவியை எடுத்துச் செல்ல வேண்டிய அவசியந்தான் என்ன, அங்கேயே அமர்ந்து கையெழுத்துப் போட்டுவிடலாமே! இதன்மேல், கட்சிக்காரர்கள் அனைவரின் டோக்கன்களையும் பின் எண் எழுதிய சீட்டோடு ஒரே டப்பாவில் போட்டு, அந்தப் பழைய கம்ப்யூட்டரின் பக்கத்திலேயே வைத்திருக்கும் வழக்கமும் சில ஆடிட்டர் அலுவலகங்களில் உண்டு. கையெழுத்திட்ட வெற்றுக் காசோலைப் புத்தகத்தைப் பிறர் மேஜையில் விட்டு வருவதற்கும் இதற்கும் பேதமில்லை.

சட்டம் இதில் தயவு காட்டுவதாக இல்லை. 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 42ஆம் பிரிவில், ரகசியச் சாவியைத் தன் வசம் காப்பது கையெழுத்துக்கு உரியவரின் கடமை என்றும், அது பிறர் வசப்பட்டதைச் சான்றிதழ் வழங்கிய நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் வரையில் பொறுப்பு அவரையே சாரும் என்றும் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. ஆகவே சந்தேகம் எழுந்தவுடன் முதற்காரியம் சான்றிதழை ரத்து செய்யக் கோருவதே. பணமும் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே போன் செய்து, வங்கிக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாதிருக்க, மூன்றாமவரால் நேர்ந்த மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு நஷ்டத்தில் பங்கில்லை என்றும், அவர் மீது பொறுப்பு உண்டென்று நிரூபிக்கும் சுமை வங்கியையே சேர்ந்தது என்றும் ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை வகுத்தது. பிறர் கையெழுத்தை மோசடியாக உபயோகிப்பவருக்கு, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி, 3 ஆண்டு வரை சிறை. நஷ்ட ஈட்டுக்கோ, 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை, வழக்கமான சிவில் நீதிமன்றத்துக்குப் போகாமலே, மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் முன் வைக்கலாம். இந்த வழி ஏட்டுச் சுரைக்காய் அன்று: போலி மின்னஞ்சலால் பணம் இழந்த வாடிக்கையாளர் ஒருவருக்கு, 2010 ஏப்ரலில், 12.85 லட்சம் ரூபாய் தருமாறு ஐசிஐசிஐ வங்கிக்குத் தமிழ்நாட்டுச் செயலாளர் உத்தரவிட்டார்.

பிளக்-இன் இல்லாமல் வாழ்வது இன்று கடினமும் அன்று. வருமான வரித் தளமும் ஜி.எஸ்.டி. தளமும் எம்பிரிட்ஜ், எம்சைனர் என்ற தனி நிரல்களைக் கொண்டு கையெழுத்தைப் பெறுகின்றன; அவற்றை அந்தந்தத் தளத்திலிருந்தே இறக்கி, பழைய ஜாவாப் பதிப்புகளைக் கன்ட்ரோல் பேனலில் நீக்கி, டோக்கனின் ஆரம்பப் பின் எண்ணை மாற்றி, வேலை முடிந்ததும் உருவி வைத்தால் போதும். எங்கேனும் ஒரு தளம் இன்னும் எக்ஸ்ப்ளோரரையே கேட்குமானால், எட்ஜ் பிரவுசரிலுள்ள ஐ.ஈ. மோடை அந்த ஒரு முகவரிக்கு மட்டும் அனுமதிக்கலாம். "உங்கள் ஃபிளாஷ் பிளேயர் பழையது, புதுப்பியுங்கள்" என்று இனி எந்தப் பக்கம் சொன்னாலும் அது மோசடியே. செத்துப்போனதற்கு அப்டேட் ஏது?

எஞ்சி நிற்பது சிசிடிவி. அதன் டிவிஆர் பெட்டிகளில் பழைய ரகங்கள் பல, ஆக்டிவ்-எக்ஸ் என்ற பிளக்-இன் இல்லாமல் படம் காட்டுவதில்லை. அதன் பொருட்டே பழைய கம்ப்யூட்டரை வைத்திருப்போர், பெட்டியின் உற்பத்தியாளர் தரும் தனி நிரலையோ புதிய ஃபர்ம்வேரையோ நாடலாம். அவை கிடைக்காதபோது, பெட்டியை வெளி இணையத்திலிருந்து துண்டித்து அலுவலக நெட்வொர்க்குக்குள் மட்டும் பார்ப்பதே தகும். அடுத்த கொட்டேஷன் வாங்கும்போது, கேமரா எத்தனை என்பதற்கு முன்பாக, எந்தப் பிரவுசரில் தெரியும் என்று கேட்டுக்கொள்ளலாம்.