கேமராவுக்குள் போனதுதான் திரைக்கு வரும்

பழைய ஃபிலிம் படம் என்றால் மங்கல், டிஜிட்டலில் எடுத்தது என்றால் துல்லியம் என்று பலர் நம்புகிறார்கள். இரண்டு படங்களை ஒப்பிட்டால் இந்த நம்பிக்கை ஆட்டம் காணும். 1962-இல் வந்த ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’ 65 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுக்கப்பட்டது. ஐம்பது ஆண்டு கழித்து அதன் நெகட்டிவை 8கே அளவில் ஸ்கேன் செய்து, 4கே தரத்தில் புதுப்பித்தார்கள். 2002-இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்: அட்டாக் ஆஃப் த க்ளோன்ஸ்’ படத்தைப் பதிவு செய்ததோ சோனியின் டிஜிட்டல் கேமரா. ஒரு பிரேமுக்கு 1920-க்கு 1080, அதாவது சுமார் 20 லட்சம் பிக்சல்தான் அதன் எல்லை. 4கே திரைக்கு வேண்டியதோ சுமார் 83 லட்சம். குறைவதைக் கணினி ஊகித்துத்தான் நிரப்ப வேண்டும். நாற்பது வயது மூத்த படத்துக்கு அந்த ஊகம் தேவைப்படவில்லை. நுணுக்கம் நெகட்டிவிலேயே பதிந்திருக்கிறது.

அப்படியானால் ஃபிலிம்தான் உயர்ந்ததா? அப்படியும் சொல்லிவிட முடியாது. 2010-இல் வந்த ஆரி அலெக்ஸா என்ற டிஜிட்டல் கேமரா, வெளிச்சமும் நிழலும் ஒரே காட்சியில் மோதும்போது இரண்டையும் ஃபிலிமுக்கு நிகராகத் தாங்கியது. 2012-இல் ‘ஸ்கைஃபால்’ படம் அதில்தான் எடுக்கப்பட்டது. மறுபுறம், 2000-களில் ஃபிலிமில் எடுத்த பல படங்களின் நிறத் திருத்தமும் கிராஃபிக்ஸும் 2கே அளவிலேயே முடிக்கப்பட்டன. நெகட்டிவில் அதற்கு மேல் விவரம் இருந்தும், முடித்த பிரதியில் அது இல்லை. படப்பிடிப்பு முதல் நாம் வாங்கும் வட்டு வரையிலான படிகளில் எது மிகக் குறுகியதோ, அதுவே கடைசித் தரத்தைத் தீர்மானிக்கிறது.

‘ஃபிலிமில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதே, அது குறைதானே?’ என்று கேட்கலாம். கிரெயின் எனப்படும் அந்தத் துகள்களால் ஆனதே ஃபிலிமின் பிம்பம். அவற்றைத் துடைத்தால் தோலின் நுண்துளைகளும் துணியின் இழைகளும் சேர்ந்தே போய்விடும். ‘பிரிடேட்டர்’ படத்துக்கு 2010-இல் வந்த புளூ-ரே வட்டில் முகங்கள் மெழுகுப் பொம்மைகளாகிவிட்டன என்று ரசிகர்கள் கொதித்தது இதனால்தான். நெகட்டிவ் நிறம் மங்கும், சிதையும் என்ற எதிர்வாதம் நியாயமானது. ஆனால் ஒழுங்காகப் பாதுகாத்த நெகட்டிவை மேலும் நல்ல ஸ்கேனர் வரும்போது மறுபடி ஸ்கேன் செய்யலாம். டிஜிட்டல் பதிவின் பிக்சல் எண்ணிக்கை எடுத்த அன்றே முடிவாகிவிடுகிறது. ஆகவே வட்டின் அட்டையில் ‘4கே’ என்று இருந்தால், அது வட்டில் உள்ள பிக்சல் அளவை மட்டுமே சொல்கிறது. எதில் எடுத்தார்கள், எந்த அளவில் முடித்தார்கள் என்ற இரண்டையும் விசாரித்த பிறகு காசு கொடுப்பதே புத்திசாலித்தனம்.