மாண்ட்ரீல் நகரில் இயேசு



தவக்காலம் தொடங்கிய வாரத்தில் நம் பங்கைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர் பங்கு இல்லத்துக்கு வந்தார். "ஃபாதர், இந்தப் படத்தைக் கத்தோலிக்கர்கள் பார்க்கலாமா?" என்று கேட்டார். 1989-இல் கனடாவில் வெளிவந்த 'மாண்ட்ரீல் நகர் இயேசு' என்ற பிரெஞ்சு மொழிப் படத்தைப் பற்றித்தான் கேட்டார். நான் குருமடத்தில் படித்தபோது பேராசிரியர் ஒருவர் அதை எங்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. மாணவிக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று இப்போது மறுபடியும் பார்த்தேன். இந்த முறை மனத்தை உறுத்தியது வேறொன்று.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்களில் பாஸ்கா நாடகம் போடுகிறோம் அல்லவா, அதைப்போல மாண்ட்ரீல் நகரில் குன்றின்மேல் உள்ள ஒரு திருத்தலத்திலும் ஆண்டுதோறும் திருப்பாடுகளின் நாடகம் நடக்கிறது. வசனமெல்லாம் பழசாகிவிட்டது. திருத்தலத்தின் பொறுப்பாளர் அருள்தந்தை லெக்லெர்க், தானியேல் என்ற இளம் நடிகரை அழைத்து அதைப் புதுப்பித்துத் தரச் சொல்கிறார். தானியேல் நகரில் அலைந்து நான்கு பேரைத் திரட்டுகிறார். ஒருவர் ஏழைகளுக்குச் சாப்பாடு போடும் இடத்தில் பரிமாறிக்கொண்டிருக்கிறார். ஒருவர் ஆபாசப் படங்களுக்குக் குரல் கொடுத்துப் பிழைக்கிறார். இன்னொரு பெண் விளம்பரங்களில் உடலைக் காட்டிச் சம்பாதிக்கிறார். வலையையும் சுங்கச்சாவடியையும் விட்டு வந்தவர்கள் உங்களுக்கு நினைவுக்கு வந்தால், இயக்குநரும் அதைத்தான் விரும்பியிருப்பார்.

இயக்குநர் பெயர் தெனி ஆர்க்கான். இயேசு சபையினரிடம் படித்தவர். பின்னாளில் நம்பிக்கையிலிருந்து விலகிப் போனவர். நடிகர் தேர்வுக்குத் தாடியோடு வந்த ஒருவர், தாம் இயேசுவாக நடிப்பதால் தாடியை எடுக்க முடியாது என்று மன்னிப்புக் கேட்டாராம். இரவில் சிலுவையில் தொங்கும் அந்த மனிதர் பகலில் விளம்பர வாய்ப்புத் தேடி அலைகிறார். அந்தச் சந்திப்பிலிருந்தே படம் பிறந்ததாக ஆர்க்கான் சொல்லியிருக்கிறார். அவருடைய கியூபெக் மாநிலம் ஒரு காலத்தில் கோவிலும் கன்னியர் மடமும் நிறைந்த மண். பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் திருச்சபையே நடத்தியது. 1960-களில் அவை அரசின் கைக்குப் போயின. மக்கள் பூசைக்கு வருவதும் வேகமாகக் குறைந்தது. அந்த வெறுமையை அறிந்தால்தான் இந்தப் படம் புரியும்.

நாடகத்தில் இயேசுவாக நடிக்கும் தானியேலின் வாழ்க்கையே மெல்ல நற்செய்தியாக மாறத் தொடங்குகிறது. பீர் விளம்பரத்துக்கு ஆள் எடுக்கும் இடத்தில் தோழியை எல்லார் முன்னிலையிலும் ஆடையைக் களையச் சொல்கிறார்கள். தானியேல் மேசைகளைக் கவிழ்த்து, கேமராக்களை உடைத்து, அங்கிருந்தவர்களை விரட்டுகிறார். எருசலேம் கோவிலில் ஆண்டவர் காசு மாற்றுவோரின் மேசைகளைக் கவிழ்த்ததை ஆண்டுதோறும் வாசிக்கிறோம். ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்தபோதுதான் அது எவ்வளவு சங்கடமான செயல் என்பது எனக்கு உறைத்தது. அடுத்து நீதிமன்றம் வருகிறது. நீதிபதியாக இயக்குநரே உட்கார்ந்திருக்கிறார். ஒரு வழக்கறிஞர் உயரமான கட்டடத்தின் மேலிருந்து நகரத்தைக் காட்டி, இதெல்லாம் உனக்குக் கிடைக்கும் என்கிறார். இதற்கு விளக்கம் வேண்டாம், தவக்கால முதல் ஞாயிறன்று கேட்டதுதான்.

இனி, தவறுகளைச் சொல்ல வேண்டும். இயேசு ஓர் உரோமைப் படைவீரனுக்குப் பிறந்தவர் என்று தானியேலின் நாடகம் சொல்கிறது. ஓர் இறையியல் பேராசிரியர், யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டு, வாகனங்கள் நிறுத்துமிடத்தில் வைத்து ஆராய்ச்சித் தாள்களைக் கொடுக்கிறார். அதைப் பார்க்கும் இளைஞர்கள், திருச்சபை ஏதோ மறைத்துவைத்திருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். மறைக்க என்ன இருக்கிறது? 2-ஆம் நூற்றாண்டிலேயே செல்சு என்ற அறிஞர் இதை எழுதிவிட்டார். 3-ஆம் நூற்றாண்டில் ஓரிஜன் அதை ஒளிக்காமல் எடுத்துவைத்தே பதில் சொன்னார். இயேசு யோசேப்பின் மகன் அல்லர் என்பதை அந்தக் கதையைக் கட்டியவர்களாலும் மறுக்க முடியவில்லை பாருங்கள் என்பது அவருடைய வாதம். எங்கள் குருமடத்து நூலகத்தில் அந்தப் புத்தகம் எல்லாரும் எடுக்கிற அலமாரியில்தான் இருந்தது.

இன்னொரு தவறு இதைவிட ஆழமானது. நாடகத்தை நிறுத்தும்படி மேலிடத்து உத்தரவு வருகிறது. அதையும் மீறி நடக்கும் கடைசி இரவில் கைகலப்பாகி, தானியேல் தொங்கும் சிலுவை சாய்கிறது. அவருக்குத் தலையில் அடி. முதலில் கொண்டுபோன மருத்துவமனையில் கூட்டம், கவனிக்க ஆளில்லை. கடைசியில் யூதர்களின் மருத்துவமனை ஒன்றில் அவருடைய மூளைச் சாவு உறுதியாகிறது. அவருடைய இதயம் ஒருவருக்கும் கண்கள் ஒரு பெண்ணுக்கும் போகின்றன. இயக்குநர் காட்டும் உயிர்ப்பு இவ்வளவுதான். உறுப்புக் கொடை உயர்ந்த செயல். திருச்சபையின் மறைக்கல்வி ஏடு அதைப் பாராட்டுகிறது, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 2000-ஆம் ஆண்டில் அதை அன்பின் செயலாகவே போற்றினார். ஆனால் இதயம் பெற்ற அந்த மனிதரும் ஒருநாள் இறப்பார். காலியான கல்லறை நமக்குச் சொல்வது அதுவன்று. கிறிஸ்து உயிர்க்கவில்லை என்றால் நம் நம்பிக்கை வீண் என்று கொரிந்தியருக்கு எழுதிய பவுலடியாருக்கு இந்த முடிவு போதுமானதாக இருந்திருக்காது. எனக்கும் போதவில்லை.

இத்தனைக்குப் பிறகும் அதே ஆண்டு கான் திரைப்பட விழாவில், கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையினரும் சேர்ந்து அமர்ந்த நடுவர் குழு இந்தப் படத்துக்கே பரிசு கொடுத்தது. அன்று எனக்குப் புரியாத காரணம் இப்போது கொஞ்சம் புரிகிறது.

அருள்தந்தை லெக்லெர்க்குக்கு ஏறத்தாழ என் வயது. கெட்டவர் அல்லர். நாடகம் அவருக்கு உயிர். குருத்துவ வாக்குறுதியை மீறி ஒரு பெண்ணோடு உறவு வைத்திருக்கிறார்; அதை விடவும் துணிவில்லை, குருத்துவத்தை விடவும் துணிவில்லை. புது நாடகத்தைக் கேட்டவரே அவர்தான். சலசலப்பு வந்ததும் பழைய வசனத்துக்கே திரும்பச் சொல்பவரும் அவர்தான். இளவயதில் அவரைக் கோழை என்றேன். இப்போது அப்படிச் சொல்ல நாக்கு எழவில்லை. மேலிடத்திலிருந்து கடிதம் வருமோ, அன்பியத்தில் முணுமுணுப்பு எழுமோ, நன்கொடையாளர் கோபித்துக்கொள்வாரோ என்று நான் மாற்றி எழுதிய மறையுரைகள் எத்தனை என்று எனக்குத் தெரியும்.

ஆனால் அவரே ஓரிடத்தில் மனம் திறந்து பேசுகிறார். இந்தக் குன்றுக்கு வருகிறவர்கள் உலகத்தின் துன்பத்தையெல்லாம் சுமந்து வருகிறார்கள். மனநல மருத்துவரிடம் போக அவர்களிடம் காசில்லை. பாவம் மன்னிக்கப்பட்டது, சமாதானமாகப் போ என்று ஒருவர் சொல்வதைக் கேட்கத்தான் வருகிறார்கள், அது அவர்களுக்குச் சற்று ஆறுதல் தருகிறது என்கிறார். திருச்சபையைக் குறைசொல்ல எடுத்த படத்தில், அதற்காக இவ்வளவு நன்றாக வாதாடுகிறவர் அந்தப் பலவீனமான குருவானவர்தான். நாடகத்தின் நடுவிலே ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி, இயேசுவாக நடிப்பவரின் காலடியில் அழுகிறாள். காவலாளி அவளை அப்புறப்படுத்துகிறார். அவளுக்கு அது நாடகம் இல்லை.

மாணவிக்கு நான் சொன்ன பதில் இது: உனக்கு வயது வந்துவிட்டது, பார்க்கலாம். முகம் சுளிக்க வைக்கும் காட்சிகள் உண்டு. வீட்டில் சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்காதே. பார்க்கும் முன் மாற்கு நற்செய்தியை ஒரே மூச்சில் வாசித்துவிடு. பார்த்த பிறகு சந்தேகம் இருந்தால் வா, ஓரிஜனின் புத்தகம் என்னிடமும் இருக்கிறது.

இன்னொன்று. மாலைப் பூசைக்குக் கால் மணி நேரம் முன்னதாகத்தான் நான் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் வந்து உட்காருவது வழக்கம். வரிசையில் நிற்பவர்களில் சிலர், பூசைக்கு நேரமாகிவிட்டதால் திரும்பிப் போனதை நான் பார்த்தும் இருந்திருக்கிறேன். இந்த வாரம் முதல் ஒரு மணி நேரம் முன்னதாகவே உட்கார்ந்திருப்பேன்.