போனும் சாட்சி சொல்லும்: நம்ம பிள்ளைகளுக்கு ஒரு தொழில்



"மகன் ஓ.எல். முடிச்சிட்டு டவுனுல போன் ரிப்பேர் கடையில நிக்கிறான். கழட்டிப் பூட்டத் தெரியுது. அதுக்கு மேல போக வழி இருக்குங்களா?" என்று ஒரு தாய் எங்களிடம் கேட்டார். கொழுந்து நிறுக்க நின்ற வரிசையிலே கேட்ட கேள்வி அது. இன்னும் பல லயங்களில் இதே கேள்வி இருக்கும் என்பதால், பதிலை எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறோம்.

வழி இருக்கிறது. அதில் ஒன்றுதான் கணனி, கையடக்கத் தொலைபேசித் தடயவியல். ஒரு குற்றம் நடந்தால் கத்தியையும் கைரேகையையும் தேடுவது போல, போனுக்குள்ளும் கணனிக்குள்ளும் கிடக்கும் தடயத்தைத் தேடி எடுத்து, நீதிமன்றம் ஏற்கும்படி கொடுக்கும் வேலை இது.

ஒரு உண்மைச் சம்பவத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தின் விச்சிற்றா நகரில் 1974 முதல் 1991 வரை 10 பேரைக் கொன்ற ஒருவன், முப்பது வருஷமாகப் பிடிபடவே இல்லை. 2005 பெப்ரவரியில் அவன் ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்கு ஒரு ஃப்ளொப்பி டிஸ்க் அனுப்பினான். அதில் அழித்துவிட்ட ஒரு ஆவணத்தின் மிச்சம் கிடந்தது. அந்த மிச்சத்தில் ஒரு தேவாலயத்தின் பெயரும், 'டெனிஸ்' என்ற பெயரும் இருந்தன. அந்தத் தேவாலய சபையின் தலைவர் டெனிஸ் ரேடர். அந்த மாதமே அவன் கைதானான்.

அழித்தது எப்படி மிஞ்சியது? செக்ரோல் புத்தகத்தின் முன்பக்கத்துப் பெயர்ப்பட்டியலில் ஒரு பெயரை வெட்டிவிட்டால், உள்ளே இருக்கும் கணக்குப் பக்கம் மறைந்துவிடுமா? கணனியிலும் பெரும்பாலும் அப்படித்தான். அழிக்கும்போது பட்டியலில் இருக்கும் பெயர்தான் போகிறது. அதே இடத்தில் வேறொன்றை எழுதும் வரை உள்ளே உள்ளது கிடக்கும். ஆனால் இப்போதைய ஸ்மார்ட் போன்கள் எல்லாவற்றையும் பூட்டிய எழுத்தாக வைப்பதால், அழித்தது பல நேரம் திரும்பி வராது. அப்போது "கிடைக்கவில்லை" என்று நேர்மையாகச் சொல்வதும் இந்த வேலைதான்.

இந்தத் தொழிலில் மூன்று காரியம் முக்கியம்.

முதலாவது, கிடைத்த போனை வெளித்தொடர்பில்லாமல் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு யாராவது தூரத்தில் இருந்தே அதை அழித்துவிடலாம். அதற்காக சிக்னல் புகாத விசேஷப் பையில் போடுவார்கள்.

இரண்டாவது, மூலத்தில் கை வைக்காமல் ஒரு முழுப் பிரதி எடுத்து, பிரதியில்தான் தேட வேண்டும். மலையில் நிறுத்த கொழுந்து ஃபெக்டரியிலும் அதே நிறை காட்டினால்தானே நமக்கு நம்பிக்கை? அதுபோல மூலத்துக்கும் பிரதிக்கும் கணக்குப் போட்டு ஒரு எண் எடுப்பார்கள். அதற்கு ஹேஷ் என்று பெயர். ஒரே ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும்.

மூன்றாவது, அந்தப் போன் யார் கையிலிருந்து யார் கைக்கு, எத்தனை மணிக்குப் போனது என்று ஒன்று விடாமல் எழுதி வைக்க வேண்டும். எழுத்தில் ஒரு ஓட்டை இருந்தால் வழக்கே விழுந்துவிடலாம். குற்றம் செய்யாதவன் மாட்டிக்கொள்வதும், செய்தவன் தப்பிப்பதும் இங்கேதான்.

நம் நாட்டில் கணனிச் சான்றை நீதிமன்றம் ஏற்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டம், பொலிஸ் விசாரணைக்கு நிபுணர்கள் உதவவும் இடம் கொடுக்கிறது. பொலிஸ் திணைக்களத்திலும், 2006இல் தொடங்கிய இலங்கை சேர்ட் நிறுவனத்திலும், வங்கிகள், கணக்காய்வு நிறுவனங்களிலும் இந்தத் துறை சார்ந்த வேலைகள் உண்டு.

எப்படிப் போவது? ஓ.எல்.லில் கணிதமும் ஆங்கிலமும் நன்றாக எடுங்கள். தகவல் தொழில்நுட்பப் பாடம் பள்ளிக்கூடத்தில் இருந்தால் விடாதீர்கள். உயர்தரத்தில் கணிதப் பிரிவோ, 2013இல் வந்த தொழில்நுட்பப் பிரிவோ எடுக்கலாம். பிறகு பல்கலைக்கழகக் கணனிப் பட்டம். பதுளையில் உள்ள ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலும் கணனித்துறைப் படிப்பு இருக்கிறது. வளாகத்துக்குப் போக முடியாதவர்கள் கொழும்புப் பல்கலைக்கழகக் கணனிக் கல்லூரியின் வெளிவாரிப் பட்டத்தைப் பற்றி விசாரியுங்கள்.

உயர்தரம் சரிவரவில்லையா? மனசைத் தளர விடாதீங்க. என்.வி.கியூ. என்ற தேசியத் தொழிற்தகைமை 1ஆம் மட்டத்திலிருந்து 7ஆம் மட்டம் வரை போகிறது. கணனித் துறையில் 4ஆம் மட்டம் எடுத்தவர், 5, 6 என்று டிப்ளோமாவுக்கு ஏறலாம். 7 பட்டத்துக்குச் சமம். போன் கடையில் நிற்கும் அந்த மகனுக்கு இதுதான் ஏணி.

மூன்று மாதப் படிப்பில் இந்த வேலை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நகையை அடகு வைத்துக் காசு கட்டாதீர்கள். அந்த நிறுவனம் மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில வருஷ உழைப்பு இல்லாமல் இது வராது.

நம்ம பிள்ளைகளிடம் ஒரு சொத்து இருக்கிறது. அது பாஷை. போனில் கிடைக்கும் குரல் பதிவும், ஆங்கில எழுத்தில் அடித்த தமிழும், தோட்டத்துப் பேச்சும் நம்மவர்களுக்கு உடனே விளங்கும். அதோடு சிங்களமும் ஆங்கிலமும் சேர்ந்தால், நம் சனங்களின் வழக்கில் சொன்னது ஒன்று, எழுதியது ஒன்று என்று ஆகாமல் காக்கலாம்.

கடையில் நிற்கும் தம்பிமாருக்கு ஒரு வார்த்தை. ரிப்பேருக்கு வந்த போனில் அடுத்தவர் படத்தைத் திறந்து பார்க்காதீர்கள். அனுமதியில்லாமல் உள்ளே நுழைவது குற்றம். அந்தப் பழக்கம் உள்ளவனுக்கு இந்தத் தொழிலில் இடமில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பெண்பிள்ளையை யாராவது போனில் மிரட்டினால், வெட்கப்பட்டு எல்லாவற்றையும் அழித்துவிடாதீர்கள். பிள்ளையைத் திட்டவும் வேண்டாம். அந்தத் தகவல்தான் சாட்சி. போனை அப்படியே வைத்துக்கொண்டு பொலிஸுக்குப் போங்கள். சிறு பிள்ளையென்றால் 1929க்கு அழையுங்கள். அந்தப் போனை வாங்கிப் பத்திரமாகத் தடயம் எடுக்கிற கை, ஒரு நாள் நம்ம லயத்துப் பிள்ளையின் கையாக இருக்கட்டும்.