ஊருக்குக் கடன்பட்ட முதலாளி

1914-ஆம் ஆண்டுக் கோடை. கமில்லோ ஒலிவெட்டி தன் 13 வயது மகன் அட்ரியானோவைச் சொந்தத் தட்டச்சு எந்திர ஆலைக்கு வேலைக்கு அனுப்பினார், தொழிலாளிகளோடு தொழிலாளியாக. நாள் முழுக்க ஒரே கைவேலை. எப்போது மணி அடிக்கும் என்ற ஏக்கம். பையனுக்கு ஆலையே வெறுத்துவிட்டது. பல ஆண்டுகள் அந்தப் பக்கமே போகவில்லை. பின்னாளில் அட்ரியானோ ஒலிவெட்டி செய்த நல்லதற்கெல்லாம் அந்தக் கோடைதான் விதை என்று நினைக்கிறேன்.

வட இத்தாலியில் தோரா பால்தேயா ஆற்றங்கரையில் இருக்கிறது அந்த ஆலை இருந்த இவ்ரேயா என்ற சிறுநகரம். நிர்வாகம் கைக்கு வந்ததும், அட்ரியானோ புதிய ஆலைக்குக் கண்ணாடிச் சுவர் எழுப்பினார். எந்திரத்தின் முன் நிற்பவர் தலைநிமிர்ந்தால் வெளியே வெளிச்சம் தெரியும். நூலகம், மருத்துவ நிலையம், குழந்தைகள் காப்பகம் எல்லாம் வந்தன. பிள்ளை பெற்ற பெண்களுக்கு ஏறக்குறைய முழுச் சம்பளத்தோடு 9 மாத விடுப்பு. மதிய இடைவேளையில் எழுத்தாளர்கள் வந்து பேசினார்கள்.

என்னை அதிகம் ஈர்ப்பது வேறு. ஆலை வளர்ந்தால் சுற்றுக் கிராமங்கள் காலியாகும். இது எங்கும் நடப்பதுதான். அவர் அதற்கு இடம் தரவில்லை. கிராமங்களுக்குப் பேருந்து விட்டார். வேலை முடிந்தவர்கள் தங்கள் வீட்டுக்கும் வயலுக்கும் திரும்பினார்கள். சிறு தொழில்களையும் கிராமங்களுக்கே கொண்டுபோக முயன்றார். வயல், ஆலை, நகரம் மூன்றையும் ஒன்றாகத் திட்டமிட வேண்டும் என்பது அவர் கொள்கை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் சுவிட்சர்லாந்தில் தஞ்சம் புகுந்திருந்தபோது அதைப் புத்தகமாகவே எழுதினார்; பிறகு ‘கொமுனிதா’ (சமூகம்) என்ற இயக்கத்தையும் தொடங்கினார்.

1956-இல் இவ்ரேயாவின் மேயரானார். அவருடைய ‘லெத்தெரா 22’ தட்டச்சு எந்திரம் அதற்குள் உலகப் புகழ் பெற்றிருந்தது. அவ்வளவு பெரிய முதலாளிக்கு இந்தச் சின்ன நாற்காலி எதற்கு? மனிதர்கள் ஒருவரையொருவர் அறிந்து வாழக்கூடிய அளவில் ஆட்சி நடக்க வேண்டும் என்று சொன்னவர், அதைச் சொந்த ஊரில்தானே செய்து காட்ட முடியும்?

சம்பளம் தருபவரே ஊரையும் ஆள்வதா என்ற சந்தேகம் தொழிற்சங்கங்களுக்கு இருந்தது. நியாயமான சந்தேகம்தான். ஆனால், ஆலையின் உடைமையில் தொழிலாளர்களுக்கும் ஊருக்கும் பங்கு வேண்டும் என்று எழுதியவரும் இவரே. சம்பளத்தைக் குறைக்காமல் வார வேலை நேரத்தை 48-லிருந்து 45 மணி நேரமாகக் குறைத்தார். உடைமைப் பங்கு மட்டும் எழுத்தோடு நின்றுபோனது.

1960 பிப்ரவரி 27. மிலானிலிருந்து லொசானுக்குப் போன ரயிலில் அவர் உயிர் பிரிந்தது. வயது 58. இவ்ரேயாவில் அப்போது கார்னிவல். செய்தி வந்ததும் ஊர் தன் திருவிழாவை நிறுத்திவிட்டது.